பின்வாசல் மெஷின்

அந்தத் தையல் கடையில் அவளுக்குப் பெயரே பின்வாசல். அண்ணன் முதலாளி, அண்ணிக்குக் கல்லாப்பெட்டி, தங்கைக்கு மட்டும் பின்கதவை ஒட்டி ஒரு மெஷின். மற்ற மெஷின்களெல்லாம் முன்னறை வெளிச்சத்தில் வரிசையாக நின்றன. அவளிடமிருந்து நாற்றம் வருகிறதாம். வந்தது உண்மைதான். சின்ன வயதிலிருந்தே வலது மூக்கு அடைத்து, அழுகல் சளி ஒழுகிக்கொண்டே இருந்தது. காலையும் மாலையும் குளித்தாள், பல்லை ரத்தம் வரத் தேய்த்தாள். அப்படியும் அவளைக் கடக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தார்கள்.

தைப்பதில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அளவு நாடாவை மட்டும் தொட விடமாட்டார்கள். அளவெடுக்க ஆள் பக்கத்தில் போகவேண்டுமே! அந்த நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருநாளாவது முன்னறையில் நிற்க வேண்டும். அதைத் தவிர அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரர் புதுச்சட்டையை மோந்து பார்த்துவிட்டு மேசைமேல் வீசினார். அண்ணி அதை எடுத்துக்கொண்டு நேரே பின்வாசலுக்கு வந்தாள். மூக்கில் கைக்குட்டை.

“உன்னால கடைப் பேரே நாறுது. நாளையிலேர்ந்து இங்க வராத. வீட்ல உக்காந்து பட்டன் தை, போதும்.”

“நான் குளிக்காமலா வர்றேன் அண்ணி?”

“அத யாரு கண்டா?”

அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. குனிந்தபடி துணியை வெட்டிக்கொண்டிருந்தான்.

அதுவரை தெருமுனை டாக்டர் சைனஸ் என்று சொல்லி மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளியிருந்தார். இந்த முறை அவள் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். அங்கிருந்த டாக்டரம்மா, “ஒரு பக்கம் மட்டுமா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. உள்ளே மெல்லிய கம்பியை விட்டுத் தட்டிப் பார்த்தார். கல்லில் பட்டதுபோல் சத்தம் வந்தது.

“மூக்குக்குள்ள கல்லு வளர்ந்திருக்கும்மா. அபூர்வமாத்தான் இப்படி வரும். ஏதோ ஒண்ணு உள்ள மாட்டி, அதச் சுத்தி வருஷக்கணக்கா சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. நாத்தம் அதுலேர்ந்துதான்.”

மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். கையெழுத்துப் போட வந்த அண்ணனும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த அண்ணியும் கட்டில் பக்கம் நின்றபோது, டாக்டரம்மா கல்லை உடைத்துத் தட்டில் வைத்துக் காட்டினார். நடுவில் நாலு ஓட்டையோடு ஒரு கறுப்புச் சட்டைப் பட்டன்.

“சின்னப் பிள்ளையில இவளே போட்டுக்கிட்டிருப்பா,” என்று அண்ணி ஆரம்பித்தாள்.

அண்ணன் குறுக்கே வந்தான். “இல்ல. நான்தான்... அப்பாவோட பட்டன் டப்பாவிலேர்ந்து எடுத்து, விளையாட்டுக்கு இவ மூக்குல தள்ளினேன். அப்பவே விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

“நெனச்சியா, பாத்தியா?” என்றாள் தங்கை.

“சொன்னா அப்பா அடிப்பாரு...”

“அப்பா செத்து எத்தன வருஷமாச்சு? அப்புறம் யாருக்குப் பயந்த?”

அவனுக்குப் பட்டனை மறந்தது சௌகரியம், தங்கையைப் பின்வாசலில் உட்கார வைத்தது அதைவிடச் சௌகரியம். அவளுக்கு மன்னிக்கிற எண்ணம் துளியும் இல்லை.

புண் ஆறியதும் முன்கதவு வழியாகக் கடைக்குள் நுழைந்தாள். வாடிக்கைக்காரர்கள் பார்க்க, அண்ணன் கழுத்திலிருந்த நாடாவை உருவினாள்.

“நில்லு. அளவெடுக்கணும்.”

கத்தரியை வைத்துவிட்டு நின்றான். நாடாவை அவன் மார்பைச் சுற்றி இழுத்தபோது அவள் முகம் அவன் தாடைக்கு அருகில் இருந்தது. மார்பு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நாற்றம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

“மூச்ச விடு.”

விட்டான். வலது மூக்கில் அவள் முதன்முதலாகப் பிடித்த வாசனை அவனுடைய வாய் நாற்றம்.

“நான் மூக்கப் பொத்திக்கவா அண்ணா?” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். பிறகு நாடாவைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “பின்வாசல்ல மெஷின் சும்மா கெடக்குது. போய் உக்காந்து பட்டன் தை.”