அறையைத் தாண்டிய பேச்சு

கரும்பலகையில் யாரோ ‘பைதியம்’ என்று எழுதியிருந்தார்கள். நான் அக்கா என்று கூப்பிடும் அந்த வகுப்பு டீச்சர் உள்ளே வந்து அதைப் படித்தார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, விட்டுப்போன ‘த்’தை நடுவில் சேர்த்தார். பிள்ளைகளை இரண்டு முறை உரக்க வாசிக்கச் சொன்னார். பிறகு அழித்துவிட்டுக் கணக்கு நடத்தத் தொடங்கினார். பக்கத்து வகுப்பிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ரெங்கத்தில், அரசாங்க உதவி பெறும் தமிழ்ப் பள்ளியில் நான் கீழ்வகுப்பு ஆசிரியை. அக்கா மூவாரிலிருந்து வேலை கேட்டு வந்தவர். இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்ததால், நேர்காணலில் நடந்ததை வந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். பள்ளிக்குழுவின் செயலாளர், இடையில் ஒரு வருடம் ஏன் வேலை பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறார். அக்கா பொய் சொல்லவில்லை. பிறந்த குழந்தை இறந்துபோனதையும், அதற்குப் பின் தூக்கமும் புத்தியும் தடுமாறி ஜொகூர் பாருவில் மருத்துவமனையில் இருந்ததையும், டாக்டர் குணமாகிவிட்டது என்று அனுப்பியதையும் சொல்லியிருக்கிறார். செயலாளர் மனம் இளகியவர்போல் கேட்டுவிட்டு, “இது இந்த அறையைத் தாண்டாது, டீச்சர்” என்றாராம்.

அந்த வாரமே சீட்டுக்கச்சேரியில் சொல்லிவிட்டார். அங்கிருந்து வீடுகளுக்கும், வீடுகளிலிருந்து மளிகைக் கடைக்கும் போனது. கடையில் அரிசி வாங்க நின்ற என்னிடமே ஒருத்தி, அந்த டீச்சர் குழந்தையைக் கொன்றுவிட்டாராமே என்று கேட்டாள். வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாயின.

குழு கூடியது. ஆசிரியர்களையும் அழைத்திருந்தார்கள். அக்காவே விலகிக்கொள்வது அவருக்கும் நல்லது என்று செயலாளர் மெதுவான குரலில் விளக்கினார். பெற்றவர்களுக்குத் தெரியவேண்டிய விஷயம்தானே என்றும் சொன்னார்.

அக்கா எழுந்து நின்றார்.

“என்னால பாடம் நடத்த முடியும்னு முடிவு பண்ணி வேலை குடுத்தது நீங்க. அத முடிவு பண்ணத்தான் உங்ககிட்ட சொன்னேன். என் புள்ள செத்தத சீட்டாடுற எடத்துல எதுக்குச் சொன்னீங்க?”

செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நானா போகமாட்டேன். அனுப்பணும்னா காரணத்த எழுதிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தார். எழுத அவர்களுக்குத் துணிவில்லை. காதோடு காதாகச் சொல்ல மட்டும் துணிவு இருந்திருக்கிறது.

அக்கா இருந்தார். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் திரும்பி வந்தார்கள். டவுன் பிள்ளைகள் அடுத்த வருடம். ஆனால் அவர் கொஞ்சம் குரல் உயர்த்தினாலும், சும்மா சன்னல் வழியே வெளியே பார்த்தாலும், ஊர் கண்ணால் பேசிக்கொண்டது. சிரிக்கக்கூட அளந்து சிரிக்கவேண்டியிருந்தது அவருக்கு. கடைசியில் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார். ரயில் நிலையத்தில், அங்கே நேர்காணலில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, வீட்ல இருந்தேன்னு சொன்னேன்” என்றார். “என் புள்ளைய இல்லாம ஆக்கிட்டேன், பாத்தியா.”

செயலாளர் பிறகு பெரிய மனிதராகவே வாழ்ந்து, மாலை மரியாதையோடு போய்ச் சேர்ந்தார். ஒரு தாயை அப்படிச் சொல்ல வைத்ததற்காக அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு வயதாகிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தலைமையாசிரியை ஆன பிறகு நானும் நேர்காணல் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தேன். போன மாதம் ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். நடுவே சில மாதங்கள் வேலையில் இல்லை. என் பக்கத்திலிருந்தவர் முன்னால் சாய்ந்து, “என்னம்மா ஆச்சு?” என்று ஆவலாகக் கேட்டார். அவள் உதடு பிரிந்தது.

“அது நமக்கு வேண்டாம்” என்றேன். பின்னக் கணக்கைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பாய் என்று கேட்டேன். அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டு, ஒரு ரொட்டியை நாலு பேருக்குப் பங்கிடுவதிலிருந்து ஆரம்பித்தாள்.