பொட்டு வைத்த சாடி

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜையன்று லாரி, போர்வெல் போடும் ரிக் வண்டி, தறி, மாவு மிஷின் எதுவும் பொட்டில்லாமல் தப்பாது. சேலத்தில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம் மட்டும் தப்புமா என்ன?

என் வேலை உரிக்கிற வேலை. காந்தப் படிகத்தின்மேல் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால், என்றைக்காவது இரண்டே அடுக்குக் கனத்தில் ஒரு சில்லு கிடைக்கும். அதற்குள் காந்தம் திட்டுத் திட்டாகப் பிரிந்திருக்கும். ஒரே தெருவில் சில வாசல் வடக்கு பார்த்தும் சில தெற்கு பார்த்தும் இருக்குமே, அப்படி. பக்கத்துத் திட்டைக் கலைக்காமல் ஒன்றை மட்டும் சின்ன மின்னழுத்தத்தால் திருப்ப வேண்டும். அதுதான் என் ஆய்வு. எட்டு மாதம் உரித்த பிறகு ஒரே ஒரு நல்ல சில்லு கிடைத்தது. காற்றுப் பட்டால் கெட்டுவிடும். காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிச் சாடிக்குள் அதைப் பூட்டி வைத்திருந்தேன்.

பூஜையன்று, கூட்டிப் பெருக்கும் அக்கா சாடிக்கு வெளியே பொட்டு வைத்தார். அக்கா அடுத்த அறைக்குப் போன பிறகு வந்த என் பேராசிரியருக்கு அது போதவில்லை. அவர் பெயர் என் கட்டுரைகளில் எல்லாம் இருக்கும். கை மட்டும் எந்தச் சாடியிலும் பட்டதில்லை. “உள்ள இருக்கறதுதானம்மா முக்கியம், ஒரு நிமிஷம் சாமி முன்னாடி வைப்போம்” என்று சாடியின் வால்வைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பாவி, நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், சில்லு இருந்த இடத்தில் ஒரு கொப்புளம்.

துறைத் தலைவர் விசாரித்தார். “கூட்டுற அம்மா தெரியாம தொறந்துட்டாங்க சார்” என்றார் பேராசிரியர். பிறகு என்னைப் பார்த்தார். “அப்படித்தானேம்மா?”

என் பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும்.

“ஆமாங்க சார்.”

மறுநாளே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, சூரமங்கலம் பஸ் நிறுத்தத்தில் அக்காவே என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார், நல்லா திட்டட்டும் என்று நின்றேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொட்டு வெக்கறப்ப என் கை எங்கயோ பட்டுருச்சாட்ட இருக்குதுங்க சாமி. எட்டு மாசப் பாடு பட்டீங்களாமே. ஊட்டுல சோறே எறங்கலீங்க. மன்னிச்சுக்கோங்க.”

எனக்கு இப்போது டாக்டர் பட்டம் இருக்கிறது. அன்றைக்கு அக்காவிடம் நான் சொன்ன பதிலும் அப்படியே நினைவிருக்கிறது.

“பரவால்லீங்கக்கா” என்றேன்.