முப்பது வண்டில் மண்

மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் வீடு அவளுடையதாகிவிட்டது. எங்கள் ஊர்களில் அதுதான் வழமை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், பெற்றவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு சிறிய வீட்டுக்கு மாறினோம். அலுமாரி, கட்டில், நான் நிருபராக இருந்த காலத்துப் பழைய பத்திரிகைக் கட்டுகள் எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. மிஞ்சியது மண்.

கல்முனைக்குடியில் எங்கே தோண்டினாலும் கடல் மணல்தான் வரும். அந்த மணலில், வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவில், என் மனைவி பன்னிரண்டு வருடமாக ஒரு பாத்தியை உருவாக்கியிருந்தாள். நற்பிட்டிமுனையிலிருந்து வந்த வயல் மண், மாட்டெரு, உமிக்கரி, மீன் கழுவிய தண்ணீர் என்று எல்லாம் அதற்குள் போயிருந்தது. கையில் எடுத்தால் கறுப்பாக, ஈரமாக இருக்கும். மருமகன் பின்வளவுக்கு இன்டர்லொக் கல் பதிக்கத் திங்கட்கிழமை ஆள் சொல்லியிருந்தார். கல் பதித்தால் பாத்தி அதற்கடியில் போய்விடும்.

“வீடு அவட. மண் என்ட,” என்றாள் மனைவி. மகளும் தலையாட்டினாள்.

ஒற்றைச் சில்லு வீல்பரோ ஒன்றை இரவல் வாங்கினேன். எத்தனை தரம் தள்ள வேண்டும் என்று முதலில் கணக்குப் பார்த்தேன். பாத்தி பன்னிரண்டு அடி நீளம், ஐந்து அடி அகலம், ஓரடி ஆழம். ஆக அறுபது கன அடி. வீல்பரோவில் பெயின்ட் வாளியால் மூன்று வாளி மணல் கொட்டிப் பார்த்தேன், விளிம்பு வரை நின்றது. அது ஏறக்குறைய இரண்டு கன அடி.

“முப்பது வண்டில்,” என்றேன்.

“கூட்டத்துக்கு ஆள் எண்ணி எழுதின கணக்கு மாதிரியா?”

“இது அளந்த கணக்கு.”

“பாப்பமே.”

புதிய வீட்டில் அதே அளவுக்குக் கல் அடுக்கிக் காலியாக ஒரு பாத்தி கட்டி வைத்திருந்தாள். சனியும் ஞாயிறும் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வேலை. அவள் வெட்டி நிரப்ப, நான் தள்ளினேன். எதிரே சைக்கிளில் வந்த, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் மீன் வியாபாரி காலை ஊன்றி நின்றார்.

“என்ன காக்கா, குடுத்த வளவத் திருப்பி அள்ளிக்கிட்டுப் போறீங்களா?”

“வளவு அங்கதான் இரிக்கி. இது மேல் மண்.”

“அப்ப மருமகனையும் ஏத்திக்கிட்டுப் போங்களன்!”

ஞாயிறு மாலை முப்பதாவது வண்டிலைக் கொட்டியபோது புதிய பாத்தி விளிம்போடு நிரம்பியது. பெருமையோடு திரும்பிப் போனேன். பழைய பாத்தியில் இன்னும் காற்பங்கு மண் கிடந்தது. மூன்று அடி நீளத்துக்கு வெட்டவே இல்லை.

அங்கேயே நின்று யோசித்த பிறகுதான் பிழை விளங்கியது. பன்னிரண்டு வருடம் இறுகிக் கிடந்த மண்ணை வெட்டினால் அது உப்பும். நான் அளந்தது இறுகிய மண்ணை, தள்ளியது உப்பிய மண்ணை. மிச்சத்துக்கு இன்னும் ஒன்பது பத்து வண்டில் வேண்டும். கொட்ட இடமில்லை, இருட்டும் வந்துவிட்டது.

“கிடக்கட்டும். கல்லுக்குக் கீழ போகட்டும்,” என்றாள். மண்வெட்டியை நெடுநேரம் கழுவினாள். அதன் பிறகு மகள் வீட்டுக்குப் போனால் முன்வாசலோடு திரும்பிவிடுவாள். பின்வளவுப் பக்கம் போகவில்லை. நானும் போகவில்லை.

மாரி தொடங்கி இரண்டு கிழமையில் எங்கள் பாத்தி தாழ்ந்தது. அடிமட்டக் கோலை வைத்து அளந்து பார்த்தேன், மூன்று அங்குலம். கத்தரிக் கன்றுகளின் வேர் தெரிந்தது. மழை மண்ணைத் திரும்ப இறுக்கியிருந்தது. அங்கே விட்டு வந்த அளவுதான் இங்கே குறைந்திருந்தது. அதைச் சொன்னபோது மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

“வண்டில திரும்ப இரவல் எடுங்க. கல்லக் கிளப்பியாவது கொண்டு வருவம்.”

பின்கேற்றைத் திறந்தோம். வளவெல்லாம் சாம்பல் நிறக் கல். மூலையில் மட்டும் கல் பதிக்காமல் விட்டிருந்தார்கள். மூன்று அடிக்கு ஐந்து அடி கறுப்பு மண், அதில் விரல் உயரத்துக்கு முளைக்கீரை.

குசினி வாசலில் மகள் வந்து நின்றாள். “உம்மா, வெறும் வண்டிலோட உள்ள வராதீங்க.”

“என்ட மண் புள்ள அது.”

“முளைச்சிட்டு உம்மா. இனி அள்ளேலா. கல்லுப் பதிக்க வந்தாக்களோட எவ்வளவு சண்ட பிடிச்சன் தெரியுமா? அவருக்கிட்டயும்தான்.”

மனைவி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். நசுக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

“உமிக்கரி காணாது,” என்றாள். “தண்ணியும் கூடிப்போச்சு. எப்ப ஊத்துற நீ?”

இருவரும் அதற்குப் பிறகு என்னைக் கவனிக்கவில்லை. நான் வெறும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அசருக்குப் பிறகு அதே ஒழுங்கையில் எதிர்த்திசையில் தள்ளினேன். ஒரு வண்டில் உமிக்கரி. எங்கள் பாத்தி இன்றும் மூன்று அங்குலம் தாழ்ந்தே இருக்கிறது.