உயிரோடு இருப்பவளுக்கு வரைந்த படம்

அந்தச் சுவரில் கறுப்பையும் வெள்ளையையும் தவிர வேறு எந்த நிறமும் வரக் கூடாது என்று முடிவு செய்தவள் நான். பல நாள் யோசித்து, விளைவுகளை எடைபோட்டு எடுத்த முடிவு அது. அதனாலேயே அதன் பழியை வேறு எவர்மீதும் சுமத்த முடியவில்லை.

சமூகப்பணியில் முதுகலை முடித்துக் கூடலூருக்குத் திரும்பியிருந்தேன். பலதரப்பட்ட மக்கள் சேர்ந்து வாழ்ந்து, இப்போது நொடித்துக் கிடக்கும் தெருக்களில் ஓவியம் வரையச் சென்னை அறக்கட்டளை ஒன்று நிதி தருவதாக அறிவித்திருந்தது. எங்கள் தெருவுக்குத் தகுதியில் குறைவில்லை. பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் நடுவில் ஓர் அம்மன் கோயில். வீட்டுக்குள் கன்னடம் பேசும் விவசாயக் குடும்பங்கள். குமுளியிலிருந்து இறங்கிவந்து கடை வைத்த மலையாளிகள். விடியுமுன்னே ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஏறும் பெண்கள். புறவழிச்சாலை வந்த பிறகு கடைகளில் பாதிக்குமேல் ஷட்டர் இறங்கியே கிடந்தன. படம் பார்க்க ஆள் வரும், ஆள் வந்தால் கடை திறக்கும், கடை திறந்தால் பெண்களுக்கு மலையேறாத வேலை கிடைக்கும் என்று விண்ணப்பத்தில் விளக்கி, ‘தெருவுக்குப் புத்துயிர்’ என்று தலைப்பிட்டேன். நிதி கிடைத்தது.

என்ன வரைவது என்று பேச ஊர்க்கூட்டம் போட்டோம். கடவுள் வேண்டாம், தலைவர் வேண்டாம் என்பதில் சிக்கல் எழவில்லை. சிக்கல் நிறத்தில் எழுந்தது. சிவப்பு என்றதும் ஒருவர் எழுந்தார். மஞ்சளுக்கு இரண்டு பேர். பச்சையென்றால் அந்தக் கொடி, நீலமென்றால் இந்தக் கொடி, காவியைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை.

“பேசாம கலரே இல்லாம வரைஞ்சு விட்ருங்க பாப்பா. வம்பத்துப் போகும்” என்று பலசரக்குக் கடைக்காரர் கேலியாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை எழுதிக்கொண்டேன்; பல நாள் யோசித்து அதையே தீர்வாக்கினேன்.

முகத்தையும் அதே நிதானத்துடன்தான் தேர்ந்தெடுத்தேன். எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் ஜீப்பில் போகும் பெண் ஒருத்தியாவது இருந்தாள். ஆகவே ஒரு ஜீப் பெண்ணின் முகம். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த அக்காவைக் கேட்டேன். கணவன் விட்டுப் போனவள். தேனியில் செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்த மகளை, ஜீப்பில் தனக்கிருந்த ஓர் இடத்தை நம்பியே படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“எம் மூஞ்சியவா?” என்று சிரித்தாள். “தோட்டத்துல அட்டகூட மொகத்தச் சுளிச்சுக்கிட்டுத்தேன் என்னையக் கடிக்கும். வரைஞ்சுக்க, எனக்கென்ன.”

மதுரையிலிருந்து வந்த ஓவியர் நான்கு நாளில் முடித்துவிட்டார். பஸ் போகும் சாலையைப் பார்த்த தெருமுனைச் சுவரில், இரண்டு ஆள் உயரத்தில், பல் தெரியச் சிரிக்கும் முகம். சுற்றிலும் வட்டமாக ஏல இலைகளும் பூக்களும். கீழே ‘தெருவுக்குப் புத்துயிர்’ என்ற வரியும் அந்த ஆண்டும். அவ்வளவு நல்ல படத்தை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஒப்பாரிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். அக்காவின் நாத்தனார் சுவருக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். வருசநாட்டிலிருந்து குமுளிக்குப் பஸ்ஸில் போனவள் படத்தைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் இறங்கி ஓடிவந்திருக்கிறாள்.

“ஒரு வார்த்த சொல்லி விடலயே! எனக்குச் சொல்லாமயே எடுத்துட்டாகளே!”

அக்கா வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். “ஏ மதினி, நான் இங்கன நிக்கேன். அங்கன செவத்தப் பாத்து யாருக்கு அழுகுற?”

தெருவே சிரித்தது. நாத்தனாரும் கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். “எறந்த வருசம் மட்டும் போட்டிருக்கு, பெறந்த வருசத்தக் காணோமேன்னு அப்பவே நெனச்சேன்” என்றாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்களில், தலைவராகவோ நடிகராகவோ இல்லாத ஒருவரின் முகம் கறுப்பு வெள்ளையில் பெரிதாகி, சுற்றிலும் பூவோடு சுவரில் ஏறுவது ஒரே ஒரு முறைதான்: கண்ணீர் அஞ்சலியின்போது. பிறந்ததிலிருந்து அத்தகைய சுவரொட்டிகளைக் கடந்து நடந்தவள் நான். ஒவ்வொரு நிறத்துக்கும் யாருக்குக் கோபம் வரும் என்று கணித்த எனக்கு, நிறமே இல்லாமல் போனால் அதற்கு என்ன பொருள் வரும் என்று தோன்றவே இல்லை.

கேலி இரண்டு வாரம் ஓடியது. “செத்தும் சிரிக்குது பாரு” என்பார்கள். அக்காவும் திருப்பிக் கொடுப்பாள்: “பதினாறாம் நாள் சோத்துக்கு வந்துருங்க.” அதன்பின் ஒரு மழைநாளில், மலைப்பாதை வளைவொன்றில் அவள் போன ஜீப் வழுக்கி ஓடையில் சாய்ந்தது. எவருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் மறுநாள் அவள் அருகில் உட்கார எவரும் விரும்பவில்லை. அதற்கடுத்த நாள் ஜீப் அவளை ஏற்றாமல் போனது.

நான் ஓட்டுநரிடம் போனேன்.

“மேடம், நான் அதெல்லாம் நம்புற ஆளில்ல” என்றார் அவர். “ஆனா வண்டில ஏறுறவுக நம்புறாகளே. ‘அஞ்சலி ஒட்டுன ஆள வச்சுக்கிட்டு மல ஏறுறியா’ன்னு கேக்குறாக. ஒரு ஆளுக்காகப் பத்து ஆள எறக்கி விடவா? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க.”

அடுத்தடுத்த வண்டிகளுக்குப் போனேன். மற்ற ஜீப்காரர்களும் இதையே மரியாதையாகச் சொன்னார்கள்.

அழித்துவிடலாம் என்று தீர்மானித்து அக்காவிடம் போனேன். அவள் பதறினாள். “சுண்ணாம்பு எடுத்து எம் மொகத்துல நீ அடிக்கப் போறியா? இப்பவாச்சும் வாயாலதேன் சொல்றாக. அழிச்சா நெசமாயிரும் தாயி.”

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அவள் முகத்துக்குப் பக்கத்தில் உயிரோடிருப்பவர்களின் முகங்கள் வரிசையாக வந்தால், அந்தச் சுவர் சாவுச் சுவர் என்ற எண்ணம் போய்விடும். அறக்கட்டளையிடம் இரண்டாம் கட்ட நிதி கேட்டுக்கொண்டே வீடு வீடாக ஏறினேன். டீ கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். முகம் கொடுக்க மட்டும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. நிறம் போட்டு வரைகிறேன் என்றேன். “எந்தக் கலரு?” என்று கேட்டார்கள். கடைசியில் என் முகத்தை வரையலாம் என்று வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவும் இல்லை.

பிறகு புகைப்படங்கள் வரத் தொடங்கின. முதலில் ஒரு பெரியவர் மனைவியின் படத்தைக் கொண்டுவந்தார்; ரேஷன் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. “போயிச் சேந்துட்டா. இவள வரைங்க. இவளுக்கு நாங்க சுவரொட்டிகூட அடிக்கல” என்றார். மலையாளக் கடைக்காரர் தம் அப்பாவின் படத்தைத் தந்தார். சர்ச்சுப் பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு வந்தன. பள்ளிவாசலை ஒட்டிய வீட்டார், தங்களுக்குப் படம் வேண்டாம், பெயர் எழுதினால் போதும் என்றார்கள். மலையில் கவிழ்ந்த ஜீப்பில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா, அவனுடைய பள்ளிக்கூட அடையாள அட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டுப் போனார்.

எதிலும் ஒத்துப்போகாத எங்கள் தெரு முதன்முறையாக ஒரே விஷயத்தைக் கேட்டது. அறக்கட்டளை அதிகாரி தொலைபேசியில் நெகிழ்ந்துபோனார். மக்களின் உண்மையான பங்கேற்பு இதுதான் என்றார். நிதி ஒப்புதலாகிவிட்டது, என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இறந்தவர்களை வரைந்தால் அக்கா அந்த வரிசையின் முதல் ஆளாகிவிடுவாள். வரையாவிட்டால் இத்தனை வீட்டின் துக்கத்தை வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுத்தவள் ஆவேன். ஒரு வாரம் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தேன். இறுதியில், உயிரோடிருக்கும் ஒருத்தியின் பிழைப்பு பெரிது என்று தீர்மானித்து, நிதி வேண்டாமென எழுதி அனுப்பினேன்.

அக்காவிடம் சொன்னபோது அவள் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மலைச் சம்பளத்தில் பாதிகூடத் தேறாத வேலை, அதுவும் அறுவடை நாட்களில் மட்டும். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக் கடையில் சேர்ந்திருந்தாள்.

“எனக்காகவா நிறுத்துன?” என்று கேட்டாள். குரலில் நன்றி இல்லை, பயம்தான் இருந்தது. “அத யார்ட்டயும் சொல்லிப்புடாத. அவுக வீட்டுச் சாவுக்கும் நான்தேன் குறுக்க நின்னேன்னு ஆயிரும். திராட்சத் தோட்டத்துக்கும் அவுகளோடதேன் போறேன்.”

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பொய் சொல்லிப் படங்களைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் வரவில்லை என்றேன். பெரியவர் படத்தை வாங்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினார். மலையாளக் கடைக்காரர், அது அரசுப் பணமென்று நினைத்து, அரசாங்கமென்றாலே இப்படித்தான் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அடையாள அட்டையைக் கடைசியாகக் கொண்டுபோனேன்.

அந்த அம்மா அதை வாங்கி முந்தானையால் துடைத்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

“உசுரோட இருக்கவளுக்கு வரையப் பணம் இருந்துச்சு. செத்துப்போன எம் பிள்ளைக்கு வரைய இல்லயா?”

இல்லை என்று தலையசைத்தேன்.