ஜேம்ஸ் ஐயாவின் பள்ளிக்கூடமும் என் ஓட்டை சொக்ஸும்

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் எசன் நகரில் இருந்து கைசர்ஸ்லவுட்டேர்ன் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். கோட்டை பார்க்க அல்ல. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆரணி, அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருந்த கிராமத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் செவ்வாயன்று வகுப்பில் பேச வேண்டும். அப்படியொன்றில் படித்தவரையே காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். என்னோடு வேலை செய்பவரின் மாமனார் ஜேம்ஸ் ஐயா அலபாமாக்காரர். எண்பதைத் தாண்டியவர். அமெரிக்கப் பட்டாளத்தில் வந்து, இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார்.

காலை ஏழுக்கு வெளிக்கிட்டோம். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். வீதி வேலைகளால் நாலு மணித்தியாலம் எடுத்தது.

வாசலில் வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றினேன். இடது சொக்ஸில் பெருவிரல் வெளியே நின்றது. ஆரணி வேறு பக்கம் பார்த்தாள்.

கேக், கோப்பி எல்லாம் வந்தன. கதைதான் வரவில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்று ஆரணி ஜெர்மனில் கேட்டதற்கு, சின்னது, குளிர் என்றதோடு நிறுத்திவிட்டார்.

“அப்பா, அவருக்குக் கதைக்க விருப்பமில்லை. போவம். நான் வேற தலைப்பு எடுக்கிறன்” என்றாள் தமிழில். ஒரு மாதமாக ஆசையோடு படித்த பிள்ளை. சரியென்று எழும்பினேன்.

வாசலில் நான் குனிந்து சப்பாத்துப் போட, ஏன் கழற்றினாய் என்று ஐயா கேட்டார். வீடு, கோயில் எல்லாவற்றுக்கும் வெளியேதான் கழற்றுவோம் என்றேன். என் பெருவிரலைப் பார்த்துச் சிரித்தார்.

“எங்களுக்கு மறுவளம். வெறுங்காலோட நடந்துபோய், பள்ளிக்கூட வாசல்லதான் போடுவம்.”

“ஏன், போட்டுக்கொண்டே நடந்தா என்ன?” என்றாள் ஆரணி.

“தேஞ்சிடும். பிறகு தம்பிக்கும் அதுதான்.”

திரும்ப உள்ளே போனோம். வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு தங்களைக் கடந்து போனதைச் சொன்னார். தகப்பன்மார் மரம் தறித்து அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டினார்களாம். மின்சாரம் இல்லாததால் ஆள் உயரத்துக்கு யன்னல்கள். வெள்ளையர் பள்ளியில் கழித்துவிட்ட புத்தகங்கள். உள்ளே வேறு பிள்ளைகளின் பெயர்கள் இருந்ததால், தங்கள் பெயர் எழுத இடமே இல்லையாம். இப்போது கூரை விழுந்துவிட்டது என்றார். வெளியே வரும்போது பின்னேரம் நாலு மணி.

இப்படிப் போகிறவர்களுக்கு: ஞாயிறு கடைகள் பூட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கேள்வி கேட்டவுடன் பதில் வராது, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைக்காதீர்கள்.

செவ்வாயன்று ஆரணி சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வகுப்பு வாசலில் இருந்து நடந்து வந்து, எல்லோருக்கும் முன்னால் போட்டுக்கொண்டுதான் பேசத் தொடங்கினாளாம். ஓட்டையில்லாத சொக்ஸாகத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள். அப்பனிடம் படித்தது அது ஒன்று.