ஒவ்வொரு முறையும் வேறு தாள்

ஒரு புரோகிராம் எப்போதும் தப்பாகவே ஓடினால் அக்காவுக்குச் சலிப்பு. ஒரு தடவை சரியாகவும் மறு தடவை தப்பாகவும் ஓடினால் கொண்டாட்டம். செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "மாட்டிக்கிச்சு" என்பாள். இன்னும் எதுவும் மாட்டியிருக்காது.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு பிரெய்லில் அச்சிடும் அச்சகத்தில் அவளுக்கு வேலை. சாதாரண எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் புரோகிராம் அவள் எழுதியது. நான் அதே கட்டடத்தில் தேர்வுப் பிரிவில் இருந்தேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள்தான் முதலில் வந்து நிற்கிறது.

அதுவரை யாராவது கேள்விகளைப் படித்துக்காட்ட, பிள்ளைகள் கேட்டு எழுதுவார்கள். அந்த வருடம்தான் முதன்முதலாகத் தாங்களே விரலால் படிக்கப்போகிறார்கள். மாலைக்குள் தாள் சரியாக வராவிட்டால் பழையபடிதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மெய்ப்புப் பார்ப்பவருக்கும் பார்வை கிடையாது. விரல் ஓடும் வேகத்தால் எல்லோருக்கும் அவர் ஸ்கேனர் அண்ணன். மூன்றாம் கேள்வியில் எண்கள் எழுத்துகளாகிவிட்டன என்றார். பிரெய்லில் பல எண்களுக்கும் எழுத்துகளுக்கும் ஒரே புள்ளிகள்தான்; முன்னால் எண்குறி இருந்தால்தான் அது எண். அந்தக் குறியைக் காணோம். மறுபடி அச்சடித்தால் மூன்றாவது சரி, ஏழாவதில் காணோம்.

"ஏம்மா, உன் புரோகிராம் என்கிட்ட கண்ணாமூச்சி ஆடுது. நல்ல ஆளாப் பார்த்துத்தான் பிடிச்சிருக்கு" என்றார் அண்ணன்.

எங்கே விட்டுப்போகிறது என்று திரையில் காட்டுவதற்காக அக்கா புரோகிராமின் நடுவில் ஒரு வரி சேர்த்து, கம்பைல் செய்து, அதாவது இயந்திரத்துக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி, ஓட்டினாள். எல்லாம் சரி! வரியை எடுத்தாள், தப்பு. சேர்த்தாள், சரி. பார்க்கும்போது மட்டும் சமர்த்தாக இருக்கிறது என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அந்த வரியை அப்படியே விட்டு அச்சடித்துவிடலாமே என்றார் மேலாளர். எனக்கும் அதுதான் தோன்றியது. அக்கா அசையவில்லை.

"ஏன் சரியா வருதுன்னு தெரியல சார். இதை நம்பி ஒரு பிள்ளை கணக்குப் போட முடியாது."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா புரோகிராமை விட்டுவிட்டு, கம்பைல் செய்யும் கட்டளையையே உற்றுப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். கம்பைலர் தரும் எச்சரிக்கைகள் திரையை அடைக்கின்றன என்று எப்போதோ அவளே அவற்றை நிறுத்தி வைத்திருந்தாள்.

திரும்ப இயக்கினாள். எச்சரிக்கைகள் கொட்டின. பாதியில் இருந்தது அது: மதிப்பு கொடுப்பதற்கு முன்பே ஒரு மாறி பயன்படுத்தப்படுகிறது. எண்குறி போட்டாயிற்றா என்று நினைவு வைக்கும் மாறி. தாளின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அதை 'இல்லை' என்று வைக்க விட்டுப்போயிருந்தது. மெமரியில் முன்பு கிடந்த குப்பைதான் அதன் மதிப்பு. குப்பை பூஜ்யமாக இருந்தால் அது 'இல்லை' என்றாகும், தாள் சரி; இல்லாவிட்டால் குறி போட்டாயிற்று என்று நினைத்துத் தாண்டிவிடும். அவள் சேர்த்த வரி குப்பையை இடம் மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

"கத்திச் சொல்றவன் வாயை நானே கட்டிப் போட்டுட்டு, ஊரெல்லாம் தேடியிருக்கேன் அண்ணே."

திருத்தினாள். வேவு பார்த்த வரியையும் எடுத்தாள். திரும்பத் திரும்ப அச்சடித்தோம். அண்ணன் எல்லாவற்றையும் படித்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, தூக்கம் வருகிறது என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த அச்சகத்தில் கிடையாது.

மறுநாள் தேர்வு முடிந்து வெளியே வந்த ஒரு பெண், நாலாவது கணக்கை எவன் போட்டான், ஐந்து தடவை படித்தும் பிடிபடவில்லை என்று திட்டினாள். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"அஞ்சு தடவைடா. அவளே படிச்சிருக்கா."