மூன்றாவது துணி

பாதர்ஸ்ற் தெருவில், யூதர்களின் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு சமையலறையில் பதினோரு வருடமாக மரக்கறி கழுவுகிறேன். கழுவுவது என்றால் சும்மா குழாயில் காட்டி எடுப்பதில்லை. அவர்களுடைய விதிப்படி பன்றி எப்படி விலக்கோ அப்படித்தான் பூச்சியும். இலையைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, அந்தத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்து, துணியை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்குப் பெட்டியின்மேல் விரித்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று துணி சுத்தமாக வந்தால்தான் மரக்கறி அடுப்புக்குப் போகும்.

நான் பிறவிச் சைவம். பூச்சி தின்னக்கூடாது என்று எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் என் கண் கணக்கில் இல்லை. அவர்களுடைய சமயத்தைச் சேர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். செம்பட்டைத் தாடி, என் மகனின் வயது. நான் பார்த்த துணியை அவர் மறுபடி பார்த்துத் தலையாட்டினால்தான் செல்லும். சட்டம் அப்படி என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். நான் விட்டு அவர் பிடித்த பூச்சி இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

போன கோடையில் ஒரு மணப்பெண் சாப்பாடு ருசி பார்க்க வந்தாள். போனில் ஒரு படம் காட்டினாள். கேல் கீரையையும் பிரசெல்ஸ் ஸ்பிரவுட்ஸ் என்கிற குட்டிக் கோவாவையும், அதுதான் குட்டி முட்டைக்கோஸ், கலந்து புதிதாக உண்டாக்கிய மரக்கறி. குட்டிக் கோவா சுருட்டை முடி வளர்த்ததுபோல ஊதாவும் பச்சையுமாக இருந்தது. கேட்ட இடமெல்லாம் முடியாது என்றுவிட்டார்களாம். சூப் தட்டோடு நின்ற நான், யாரும் கேட்காமலே, "முடியும்" என்றேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

எங்கள் தலைமைச் சமையல்காரர் பருத்தித்துறைக்காரர். நான் உள்ளே வந்ததும் பிடித்து ஏசினார். "பிள்ளை, உம்மை ஆர் கேட்டது? உலகத்துப் பூச்சியெல்லாம் உதுக்குள்ளதான் குடியிருக்கும்."

எனக்கு வேறு பயம். இரண்டு இனத்தைக் கலப்பது அவர்களுடைய வேதத்துக்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருந்தேன். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். சிரித்தார். "நாங்கள் கலக்கக்கூடாது. வேறு யாரோ கலந்ததைச் சாப்பிடலாம். எது எதோடு சேர்ந்தது என்பதல்ல என் பிரச்சினை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதுதான்."

கேல் கீரையைக் கழுவிப் பார்த்தால் அனுமதி உண்டு. குட்டிக் கோவாவோ மடிப்புக்குள் மடிப்பு என்பதால் எங்கள் சமையலறைக்குள் வரவே கூடாது. இந்தக் கலப்பில் பிறந்த புதுப்பிள்ளை எந்தக் குடும்பம் என்று அவருடைய பட்டியலில் இல்லை. தன் சமயப் பெரியவருக்குப் போன் எடுத்தார். ஒவ்வொரு மொட்டையும் இதழ் இதழாக விரித்துக் கழுவுங்கள், மூன்று துணியும் சுத்தமென்றால் சரி என்று பதில் வந்தது.

கல்யாண நாள் காலையில் ஆறு மணிக்கே குந்திவிட்டேன். இரண்டு பெட்டி மொட்டு. நகம் ஊதாவாகிவிட்டது. முதல் துணி சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதை விரித்தபோது நேரம் போய்க்கொண்டிருந்ததால் மேற்பார்வையாளரும் கூடவே குனிந்தார். "சுத்தம்! போகலாம்!" என்றார். சமையல்காரர் சட்டியை இழுத்தார்.

துணியின் தையலோரத்தில் பச்சையாக ஒரு புள்ளி. கடுகில் கால்வாசி இருக்காது. அசுகுணிப் பூச்சி.

கண்டது நான் மட்டும். அந்தப் பெண்ணின் முகம் நினைவில் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வாக்கு நிற்கும். சட்டப்படி என் கண் கண்ணே இல்லையே; அப்படியானால் நான் கண்டதும் காணாததுதானே? இப்படியெல்லாம் மனம் வழக்காடியது. ஆனால் என் சாப்பாட்டுக் கோப்பையில் வைக்கமாட்டாததை அவளுடைய கோப்பையில் எப்படி வைப்பது?

"பொறுங்கோ!" என்று கத்தினேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கிவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கால்கள் தெரிந்தன. முதலிலிருந்து மறுபடி மூன்று துணி பார்க்க நேரமில்லை.

"கழிச்சதுதான். வீட்டை கொண்டுபோம் பிள்ளை, வீணாப் போகுது," என்றார் சமையல்காரர்.

"நானும் சைவம் அண்ணை!"

அன்று பின்னேரம் மணப்பெண்ணிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். வெள்ளை உடுப்போடு என் ஊதா விரல்களைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் கண்டுபிடித்தீர்களா? அப்படியென்றால் மற்றதையெல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம்," என்று சிரித்தாள். அன்று அவளுக்கு வெறும் பீன்ஸ்தான்.

மறுநாள் பார்ஸ்லிக் கீரை கழுவித் துணியை விரித்தேன். சட்டம் ஒன்றும் மாறிவிடவில்லை. மேற்பார்வையாளர் வழக்கம்போல வந்தார். ஆனால் குனியவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்றேன்.

"நீங்கள் பார்த்தீர்களா? ஒன்றுமில்லையே?"

"ஒன்றுமில்லை."

அதற்குப் பிறகுதான் துணியைப் பார்த்தார்.